நாற்பத்தோராவது வீடு

ஒவ்வொரு மழைக்காலத்திலும் எங்கள் மலைமேல் இருக்கிற பழைய நகரம் இரண்டு சாண் வளர்ந்துவிடும். சுவர்கள் உயரும், தூண்களுக்குத் தலை முளைக்கும். தை பிறந்ததும் நானும் மாடத்தியும் சுத்தியலோடு ஏறி, வரைபடத்தில் உள்ள அளவுக்கு அதைத் திரும்ப இடித்து வைப்போம். இருபது வருஷமாக இதுதான் எங்கள் வேலை. நாற்பத்தோரு இடிந்த வீடுகள், ஒரு வறண்ட குளம், சாமி இல்லாத ஒரு கோயில். அப்படியே விட்டால் எல்லாம் புத்தம் புதுசாகிவிடும், பிறகு எவன் வந்து பார்ப்பான்?

இந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. குளத்தங்கரை வீடு கூரை, அடுப்பு, மரக்கதவு என்று முழுசாக வளர்ந்து நின்றது. நான் சுத்தியலை ஓங்கினேன். மாடத்தி வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டாள். புருஷன் போனதிலிருந்து தம்பி வீட்டு அடுப்படியில் படுக்கிறவள் அவள். ராத்திரி தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் எல்லாரும் அவளைத் தாண்டித்தான் போவார்கள்.

"யாரா இருந்தாலும் தட்டிட்டு வரணும் மேஸ்திரி. அதுக்கு எனக்கு ஒரு கதவு வேணும்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. வெள்ளிக்கிழமை தொல்லியல் துறை ஆய்வாளர் வந்து எண்ணுவார். ஒரு இடிபாடு குறைந்தாலும் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும். ஆனாலும் அவளை அந்த அடுப்படிக்குத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. அடிவாரத்தில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. ஒண்டிக்கட்டைக்கு நாலு சுவர் அதிகம்தான். இரண்டு பேருமாக அதை ஒரே நாளில் ஆயிரத்து எண்ணூறு வருஷம் பழையதாக்கினோம். வடக்குச் சுவர் இடிந்தது போதாது என்று மாடத்தி இன்னும் நாலு போடு போட்டாள். கைதேர்ந்தவள்.

ஆய்வாளர் வந்தார். மேலே நாற்பது, கீழே ஒன்று. கணக்கு சரி. நகரம் அடிவாரம் வரைக்கும் இருந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டார். மாடத்தி வீட்டுத் திண்ணையைத் தாண்டிப் போனபோது அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. முழு வீடுகள் அவர் துறையில் வராது.

நான் என் இடிபாட்டில் சந்தோஷமாகத்தான் இருந்தேன். நல்ல காற்று. வருகிறவர்கள் நான் காபி குடிப்பதைப் படம் எடுப்பார்கள். ஒருநாள் வழிகாட்டிப் பெண் ஒருத்தி என் முன்னால் நின்று, குளம் வற்றியதும் இந்த வீட்டில் இருந்தவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள், எங்கே போனார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது என்று விளக்கினாள். நன்றாகப் படித்த பெண். நான் காபியைக் குடித்து முடித்து, துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு மலை ஏறினேன்.

மாடத்தி வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் திறந்தாள். எங்கே கிளம்பிட்டீங்க என்று கேட்டாள்.

"யாருக்கும் தெரியாதாம்" என்றேன்.

"அப்போ இங்கதான். வாங்க."

உள்ளே, குளம் வற்றியதும் கிளம்பிப் போன மற்ற நாற்பது வீட்டுக்காரர்களும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் தட்டிவிட்டுத்தான் வந்தார்களாம். எனக்கும் ஒரு இலை போட்டார்கள்.