பியா கம்பூயின் ஏழாம் தலைமுறை

“யானை உட்கார்ந்த இடத்துல ஊர் கட்டுற தைரியம் உலகத்துலயே எங்க வம்சத்துக்குத்தான் உண்டு” என்றான் கொப், சட்டையில்லாமல் வரிசையில் நின்றபடி.

பொய்யில்லை. நானூறு குடும்பங்களைத் தெப்பத்தில் ஏற்றி மேகோங் நதியைக் கடந்து வந்தவர் பியா கம்பூய். எங்கள் குளக்கரையில் அவருடைய யானை உட்கார்ந்து எழ மறுத்தது. மூன்று நாள் கெஞ்சிப் பார்த்தவர், நான்காம் நாள் அந்த இடத்தையே ஊர் என்று அறிவித்தார். பிறகு மூன்று மனைவியர், பத்தொன்பது பிள்ளைகள். ஊரில் பாதிப் பேர் அவர் வாரிசுதான். சொல்லிக்கொண்டு திரிபவன் கொப் ஒருவன்.

அன்று ராணுவத்துக்குச் சீட்டெடுக்கும் நாள். சிவப்பு வந்தால் இரண்டு வருடம் முகாம். கறுப்பு வந்தால் வீடு. கொப் போய்விட்டால் அவன் அம்மா லம்யாயால் நூடுல்ஸ் கடையைத் தனியாக நடத்த முடியாது, மூடவேண்டியதுதான். மற்ற பையன்கள் காலையிலேயே பியா கம்பூய் சிலையிடம், கறுப்பு வந்தால் அவித்த முட்டை படைத்து ஆடுவதாக நேர்ந்துகொண்டு வந்திருந்தார்கள்.

“நீ எத்தனை முட்டைடா நேர்ந்துக்கிட்ட?” என்று வேடிக்கை பார்ப்பவர்களைத் தடுத்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

“சொந்தப் பாட்டனுக்கு எவனாவது லஞ்சம் குடுப்பானா? சிலை முன்னாடி இடுப்பை ஆட்டுறதெல்லாம் வெளியாளுங்க வேலை.”

“வாயை மூடுடா, அவர் காதுல விழப்போவுது!” என்றாள் லம்யாய்.

அவன் முறை வந்தபோது பெட்டியில் நான்கு சீட்டு. அதில் மூன்று சிவப்பு. கொப் கையை உள்ளே விட்டான். எடுக்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

“தம்பி, சீட்டு எடுக்க வந்தியா, மீன் பிடிக்க வந்தியா?” என்றார் அதிகாரி.

எடுத்தான். அதிகாரி பிரித்துப் பார்த்தார்.

“கறுப்பு!”

கூரை அதிர்ந்தது. லம்யாய் கயிற்றைத் தாண்டி ஓடி, மகனைத் தூக்கப் பார்த்து முடியாமல், பக்கத்தில் நின்ற போலீஸ்காரரைக் கட்டிக்கொண்டு குதித்தாள். கொப்பை நாங்கள் தோளில் ஏற்றிக் கடைவீதி முழுக்கச் சுற்றினோம்.

“ரத்தம்டா! பாட்டன் ரத்தம்!” என்று மேலிருந்து கத்திக்கொண்டே வந்தான்.

சாயங்காலம் சிலைப் பக்கம் போனேன். கூலிக்கு ஆடும் பெண்கள் நால்வர் ஆடிக்கொண்டிருந்தார்கள். சிலையின் காலடியில் இருநூறு முட்டை, இன்னும் ஆவி பறந்தது. கடைசி வரிசையில் கொப். அவனுக்கு அந்த ஆட்டம் தெரியாது. முன்னால் நின்ற பெண்ணின் கையைப் பார்த்துப் பார்த்து, அரை நொடி பிந்தி, ரொம்ப மரியாதையாக இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தான்.