ராஜா அடித்த மணி

மகள் ஜென்சி தன் கதையை வாசித்து முடித்தபோது என் கை சோற்றிலேயே இருந்தது. கல்லூரி ஆண்டு மலருக்கு எழுதியிருந்தாள். அதில் ஒரு நாடு. அங்கே குருக்கள் மணி அடித்தால்தான் விடியும். அதுவரை யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. ஒருநாள் ஒரு பெண் தெரியாமல் திறந்துவிடுகிறாள். வெளியே சுள்ளென்று வெயில். குருக்களெல்லாம் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

என் மனைவி பிரான்சி வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பதினோரு வருடமாக எங்கள் பங்குப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. தாளாளர் பங்குத்தந்தைதான், எங்கள் கோயில் சாமியார். பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானம், கல்யாணத்தைக் கோயிலில் அறிவிக்க ஓலை வாசிப்பது, செத்தால் கல்லறையில் இடம் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போய் நிற்கவேண்டும். பிரான்சியின் நிரந்தர ஆணையும் அவர் கையெழுத்துக்காகத்தான் காத்திருந்தது.

“நல்லாத்தாம்மா இருக்கு. குருக்கள எடுத்துட்டு ராஜான்னு போட்டுடேன்.”

“ராஜா எதுக்குப்பா மணியடிக்கிறாரு?”

“அம்மா வேலைய நெனச்சுப் பாரு.”

அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. சண்டை பிடித்திருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன். அவள் பிடிக்கவில்லை. பேனாவை எடுத்துப் பதினான்கு இடத்தில் அடித்துத் திருத்தினாள். பிரான்சி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் மன்னார்புரம் அச்சகத்திலிருந்து மலர் வந்தது. சும்மா இருந்திருக்கலாம். மகள் பெருமையை யாரிடமாவது சொல்லவேண்டுமே! ஒரு பிரதியை நானே கொண்டுபோய்ச் சாமியாரிடம் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றோம். அவரே எங்களைத் தேடி வந்தார்.

“ஸ்தோத்திரம் ஃபாதர்” என்று கைகூப்பினேன்.

“ஸ்தனிஸ்லாஸ், மக கதை படிச்சேன். பிரமாதம். ஆனா ராஜா எங்கயாவது மணியடிப்பாரா? எங்காளுங்களப் போட்டிருந்தா இன்னும் சூடா இருந்திருக்குமே!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெட்கக்கேடு, எல்லோருக்கும் முந்திச் சிரித்தவன் நான்தான். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக இழுத்தேன்: “பிரான்சி ஆர்டர் விஷயம்...”

“அதுவா? அத நான் ஈஸ்டருக்கு முன்னாடியே போட்டாச்சே. யாரும் சொல்லலையா? நானும் மறந்துட்டேன் போல.”

ஜென்சி கதை எழுதியது ஈஸ்டர் முடிந்து மூன்று வாரம் கழித்து.

அவர் அடுத்த குடும்பத்திடம் போய்விட்டார். பிரான்சி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜென்சி என் முகத்தைப் பார்க்கவில்லை; என் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை இன்னும் கூப்பியபடியே இருந்தன.