இரண்டாவது பிரேக்

மனிதனுக்குக் கால் படைக்கப்பட்டதே பிரேக் போடத்தான். நடப்பது, உதைப்பது, ஒன்றின்மேல் ஒன்று போட்டு உட்கார்வது எல்லாம் பிற்காலச் சேர்க்கை. இது என் அப்பாவின் கண்டுபிடிப்பு. இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் அப்பாவுக்கு ஒரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்கை நம்பித்தான் ஊர் உயிரோடு இருக்கிறது என்பது அவர் முடிவு. உயரம் சற்றுக் குறைவு என்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் அரைக் கிளட்ச்.

அவருக்குப் பிறந்த அக்கா, அதே காலின் விரல் நுனியில் நிற்பதைத் தொழிலாக எடுத்துக்கொண்டாள். பாலே ஆடுகிறாள். மூன்று வருடமாகப் பின்வரிசையில் பதினாறு பேரில் ஒருத்தி.

"பரண்ல டப்பா எட்டலன்னா நாம நிக்கிற மாதிரி நின்னுட்டு, அதுக்குப் பேரு கலையாம்" என்பார் அப்பா. வீட்டுக்கு யார் வந்தாலும் நடித்துக்கூடக் காட்டுவார். கைகளை மட்டும் தூக்குவார். குதிகால் தரையை விட்டு எழாது. அது கொள்கை.

போன வாரம் முதன்மை ஆட்டக்காரிக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. அந்த வேடம் அக்காவுக்கு வந்தது. அவள் நேராக அப்பாவிடம் போனாள்.

"ஒரே ஒருதரம் வந்து பாருங்கப்பா. பாத்துட்டும் ஆட வேண்டாம்னு சொன்னீங்கன்னா, திங்கக்கிழமையிலேருந்து நம்ம ஆபீஸ்ல உக்காந்து லைசென்ஸ் ஃபாரம் நிரப்புறேன். மறுபேச்சு கிடையாது."

"எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தாள். அப்பா அதன் கீழே டிரைவிங் ஸ்கூல் முத்திரையைக் குத்தி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

ஞாயிறு மதியம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். அம்மா, அப்பா, நான். அப்பா சட்டைப் பையிலிருந்து டிரைவிங் ஸ்கூலின் மாதிரித் தேர்வுத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தவறுக்கு ஒரு கோடு. ஐந்து கோடு விழுந்தால் ஃபெயில்.

திரை எழுந்தது. ஓர் இளவரசன் மேடையை மூன்று முறை சுற்றி வந்து நெஞ்சில் கை வைத்தான்.

"எங்க போறதுன்னு முடிவு பண்ணாமலே வண்டிய எடுத்துட்டான்" என்று அப்பா ஒரு கோடு போட்டார். ஆறு பெண்கள் குறுக்கே ஓடினார்கள். "இண்டிகேட்டரே போடல பாரு." இன்னொரு கோடு.

"வாய மூடிட்டுப் பாக்குறீங்களா?" என்றாள் அம்மா.

அக்கா வந்தாள். இளவரசன் அவளை இடுப்பைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினான். அப்பாவின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. அந்த வரிசை நாற்காலிகள் எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில் மாட்டியவை. பதினான்கு பேரும் சேர்ந்து குலுங்கினோம்.

பக்கத்துக் கண்ணாடிக்காரர் கவலையோடு கேட்டார். "சார், உடம்புக்கு ஏதாவது..."

"ஒண்ணுமில்ல. பிரேக் பிடிக்கல."

அடுத்த முறை தூக்கியபோது மறுபடி குலுங்கினோம். டார்ச்சோடு அரங்க ஊழியர் வந்தார். "சார், தயவுசெஞ்சு கால ஆட்டாதீங்க."

"நானா ஆட்டுறேன்? அதுவா போகுதுய்யா!"

இடைவேளையில் தாளில் பதினொரு கோடுகள் இருந்தன.

"இதுல நம்ம பொண்ணோடது எத்தன?" என்று அம்மா கேட்டாள்.

"நாலு. இன்னும் ஒண்ணுதான்."

அக்காவின் கையெழுத்து அவளுக்கே புரியாது. அவள் ஃபாரம் நிரப்பினால் இந்த ஊரில் ஒருத்தருக்கும் சரியான பெயரில் லைசென்ஸ் கிடைக்காது. அதைவிட, அவள் ஆபீஸ் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பிற்பாதியில் அக்கா தனியாக, ஒற்றைக் காலில், நிற்காமல் முப்பத்திரண்டு சுற்று சுற்ற வேண்டும். அதைச் சொன்னதும் அப்பா என்னை முறைத்தார். "முப்பத்திரண்டா? நடுவுல நியூட்ரலுக்கு வர மாட்டாளா?"

சுற்றத் தொடங்கினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் விரற்கடை விரற்கடையாக மேடையின் விளிம்பை நோக்கி நகர்ந்தாள். விளிம்புக்குக் கீழே பள்ளத்தில் வாத்தியக்காரர்கள். எட்டாவது சுற்றில் அப்பா மிதித்தார். பன்னிரண்டில் மிதித்தார். பேனா தாளின்மேல் வந்து நின்றது.

அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"டேய், தலையப் பாரு. உடம்பு போனதுக்கப்புறம்தான் தலை திரும்புது. ஒவ்வொரு சுத்துக்கும் சைடு கண்ணாடி பாக்குறாடா!"

தலை சுற்றாமலிருக்க ஒரே புள்ளியைப் பார்ப்பார்கள் என்று அக்கா எனக்குச் சொல்லியிருந்தாள். நான் திருத்தவில்லை.

"ஆமாப்பா. ஒண்ணுகூட விடல."

அப்பா பேனாவை மூடினார். பிறகு இரண்டு கால்களையும் மெதுவாக நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். பயிற்சிக் காரில் அவர் இதைச் செய்தால், பக்கத்தில் இருப்பவருக்கு இனி அவர் தேவையில்லை என்று அர்த்தம். எனக்கு இன்னும் செய்யவில்லை.

இருபதாவது சுற்றில் அக்கா லேசாகத் தள்ளாடினாள். நாற்காலிக்கு அடியில் அந்தக் கால்கள் நடுங்கின, முன்னால் வரவில்லை.

அம்மா கண்ணை இறுக மூடியிருந்தாள். "எத்தன ஆச்சு?"

"இருபத்தாறு. பேசாத" என்றார் அப்பா.

முப்பத்திரண்டு. விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் அக்கா நின்றாள்.

அரங்கம் எழுந்தது, நாங்களும்தான். எங்களுக்கு முன்னால் பனைமரம்போல் ஒரு தம்பதி எழுந்து நின்று கைதட்டினார்கள். அப்பாவுக்கு அந்த மனிதரின் கோட்டு முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"என்னடா பண்றா? வணங்குறாளா? இந்தப் பக்கம் பாக்குறாளா?"

எனக்கு நன்றாகவே தெரிந்தது. "மறைக்குதுப்பா" என்றேன்.

இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முன் நாற்காலியின் முதுகை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, அப்பா குதிகாலை மெல்லத் தரையிலிருந்து எடுத்தார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

திரை விழுந்து, மறுபடி எழுந்து, மறுபடி விழுந்தது. அவர் இறங்கவில்லை.