உசனார் குடித்த முடக்கொத்தான்

எத்தாளை ஊரில் உசனார் வீட்டு வேலியை முடக்கொத்தான் கொடி விழுங்கி இரண்டு மாரியாகிறது. வெள்ளைப் பொடிப்பூவும் காற்றடைத்த காயுமாகப் பீர்க்கம் பந்தலுக்கும் தாவிவிட்டது. வெட்ட வெட்டத் தழைக்கிற சனியன்! அதைப் பிடுங்கச் சொல்லி மனைவி மர்ஷூதா கத்தாத நாளில்லை. உசனார் அசையவில்லை. முழங்கால் வலிக்கு அதைவிட்டால் மருந்தில்லையென்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள்.

வலிகூட அவருக்குப் பெரிதில்லை. பள்ளிவாசலில் கதிரையில் காலைத் தொங்கப்போட்டு இருந்து தொழுவதுதான் மனதை அறுத்தது. இரண்டு வருடமாக நெற்றி தரையில் பட்டதில்லை. ஒரேயொரு தடவையாவது தரையில் சுஜூது செய்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

தினம் ஒரு பிடி இலையை ரசம் வைத்து ஒரு மாதம் குடிக்க வேண்டும் என்பது முறை. மனிதருக்குப் பொறுமை ஏது? பிடிக்கு ஒரு மாதமென்றால் கூடைக்கு ஒரு நாள் என்று முடிவுகட்டி, வெள்ளிக்கிழமை காலை ஒரு பானை கசாயம் காய்ச்சினார்.

"வவுத்தால போவும், சொல்லிட்டேன்," என்றாள் மர்ஷூதா.

"வலியும் சேந்து போவும். நீ சும்மா இரி."

ஜும்ஆவில் குத்பாப் பிரசங்கம் தொடங்கியது. உசனாரின் வயிற்றுக்குள்ளும் ஒன்று தொடங்கியது. கதிரையை இறுகப் பிடித்துப் பார்த்தார், மனதுக்குள் ஓதிப் பார்த்தார். இனி முடியாது என்றானதும் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எடுத்தார் ஓட்டம்! மூன்று படியையும் ஒரே பாய்ச்சலில் தாண்டினார். குத்பா நேரம் வாய் திறக்கக் கூடாதே. ஜமாஅத்து முழுவதும் சிரிப்பை அடக்கமாட்டாமல் தோள் குலுங்க இருந்தது.

கை கால் முகம் கழுவி வுழூ செய்துகொண்டு திரும்பியபோது தொழுகைக்கு வரிசை கட்டிவிட்டார்கள். கதிரையைக் காணோம். இப்படி ஓடுகிற மனிதருக்குக் கதிரை எதற்கென்று, பாங்கு சொல்லும் மோதினார் அதைத் தூக்கி, இடுப்புவலிக்காரர் ஹிஸ்புல்லாவுக்குக் கொடுத்துவிட்டார்.

வேறு வழி? நின்றார், குனிந்தார், முழங்கால் நெரிய நெரிய இறங்கினார். நெற்றி தரையில் பட்டது. உசனார் அழுதுவிட்டார். திரும்ப எழும்பியது எப்படியென்று அவருக்கே தெரியாது.

தொழுகை முடிந்ததும் ஹிஸ்புல்லா மெல்ல அருகில் வந்தார்.

"உசனார் நானா, அந்தக் கொடி இன்னும் இரிக்கா?"

"ஓம், வேலி நிறைய இரிக்கி. வந்து பிடுங்கிக்கோ," என்றார் உசனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா குடிக்கிற அண்டைக்கு, இந்தக் கதிரையக் கொண்டுபோய் வாசலுக்குக் கிட்டப் போட்டுக்கோ."