தண்ணீர் குடித்த படகு

பஸீஹா புத்தளத்தில் பஸ் கண்ணாடி பூட்டுகிறவள். கணவன் றிஸ்வியின் கராஜில் இருபது வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. கண்ணாடியைச் சுற்றி றப்பரை மாட்டி, றப்பரின் உதட்டுக்குள் நைலோன் கயிற்றைச் செருகி, சவர்க்காரத் தண்ணீர் பூசுவாள். றிஸ்வி வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்திப் பிடிக்க, இவள் உள்ளேயிருந்து கயிற்றை மெல்ல இழுப்பாள். உதடு தகர விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அவள் பூட்டிய கண்ணாடி மழையில் ஒழுகுகிறது என்று யாரும் திரும்பி வந்ததில்லை.

கற்பிட்டியிலிருந்து ஜூட் வந்து தன் படகுக்குக் கண்ணாடி பூட்டித் தரக் கேட்டபோது அந்தத் துணிவில்தான் ஒப்புக்கொண்டாள். சிலாபத்தில் ஒரு மதிலோரம் கிடந்த அறுபது வருடத்து மரப்படகை வாங்கி, இரண்டு வருடமாகப் பலகை பலகையாகத் திருத்திக்கொண்டிருந்தான் அவன். திமிங்கிலம் பார்க்க ஆட்களைக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவன் ஆசை. மிச்சமிருந்தது மேலறையின் ஏழு யன்னல்கள்தான்.

"பஸ்ஸுக்குப் பூட்டுற மாதிரித்தானே தம்பி? ரெண்டு நாள் வேல" என்றாள்.

சொன்னபடியே முடித்தாள். கடலோடு சேர்ந்த களப்பு ஏரியின் கரையில் மரக்குற்றிகளின் மேல் நின்ற படகின் யன்னல்களில் பழைய கலண்டர் தாள்களை வைத்து அளவு வெட்டினாள். இம்மி பிசகாமல் ஏழு கண்ணாடிகளையும் இறுக்கிப் பூட்டினாள்.

படகைத் தண்ணீரில் இறக்கிய மறுநாள் காலை ஜூட் அழைத்தான்.

"அக்கா, ரெண்டு கண்ணாடி வெடிச்சிட்டுது. ஒருத்தரும் தொடவே இல்ல."

கற்பிட்டி போய்ச் சேரும்வரை பஸீஹா அந்தக் கலண்டர் தாள்களைத் திரும்பத் திரும்ப விரித்துப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. கரைக்குப் போய்ப் பார்த்தால் அதைவிடப் பெரிய அதிர்ச்சி. படகின் வயிற்றுக்குள் முழங்காலளவு தண்ணீர். பலகை இடுக்குகளெல்லாம் கசிந்துகொண்டிருந்தன. தண்ணீர் இறைக்கும் பம்ப் இரைந்துகொண்டிருக்க, ஜூட் மேலே உட்கார்ந்து பிளேன்டீ குடித்தான்.

"அல்லாஹ்வே! தாழப் போகுது தம்பி!"

"தாழாது அக்கா. ரெண்டு வருஷம் வெயில்ல காஞ்ச மரம். இப்பதான் தண்ணி குடிக்குது. குடிச்சு முடிஞ்சா தானா மூடிக்கொள்ளும்."

அவள் நம்பவில்லை. ஆனாலும் வீடு திரும்ப மனமில்லாமல் பக்கத்து ஊரான பள்ளிவாசல்துறையில் மூத்த சகோதரி ராத்தாவின் வீட்டில் றிஸ்வியோடு தங்கி, தினமும் வந்து பார்த்தாள். முதல் நாள் பம்ப் ஓயவேயில்லை. இரண்டாம் நாள் இடையிடையே ஓடியது. நான்காம் நாள் காலை அது சும்மா கிடந்தது. பஸீஹா குனிந்து படகின் வயிற்றுக்குள் இறங்கினாள். முதல் நாள் நகம் நுழைந்த இடுக்கில் இப்போது தாள்கூட நுழையவில்லை. ஆணி அடிக்கவில்லை, பசை பூசவில்லை. வெட்டுண்டு அறுபது வருடமான மரம் தானே ஊதி, தன் காயத்தைத் தானே மூடிக்கொண்டிருந்தது. பலகையில் கையை வைத்தாள். எடுக்க மனம் வரவில்லை.

"சுபுஹானல்லாஹ்" என்றாள் மெதுவாக.

மேலே வந்து கலண்டர் தாள்களை யன்னல்களில் வைத்துப் பார்த்தாள். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஒரு மூலை உயர்ந்திருந்தது, இன்னொன்று ஒடுங்கியிருந்தது. பிழை எங்கே என்று அப்போதுதான் விளங்கியது. பஸ்ஸின் தகரம் நின்ற இடத்தில் நிற்கும். இது தண்ணீரில் ஊதும், அசையும். அசைகிறதை இறுக்கிப் பிடித்ததால்தான் கண்ணாடி வெடித்தது.

"எல்லாத்தையும் கழட்டுங்க" என்றாள் றிஸ்வியிடம்.

"நல்லா இருக்கிற அஞ்சையுமா?"

"ஓம். எல்லாத்தையும்."

புதிதாக அளவெடுத்து, கண்ணாடிகளை ஒவ்வொரு பக்கமும் மூன்று மில்லிமீற்றர் குறைத்து வெட்டினாள். தடித்த, மிருதுவான றப்பராகத் தேடி எடுத்தாள். படகு மிதந்தபடியே இருக்க, றிஸ்வி வெளிவிளிம்பில் தொற்றி நின்று அழுத்த, படகு சரியும் தாளத்துக்கு ஏற்பக் கயிற்றை இழுத்தாள். ஒரு யன்னலுக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது.

அடுத்த கிழமை மூவரும் கடலுக்குப் போனார்கள். அலையை மறிக்கும் கடலடிப் பாறை வரிசையான கற்பாரைத் தாண்டியதும் அலை முகத்தில் அறைவதுபோலக் கண்ணாடியில் அறைந்தது. றிஸ்வி தலையை வெளியே நீட்டி வாந்தியெடுத்தான். பஸீஹா றப்பர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு அலைக்கும் மரச்சட்டம் முறுகியது. றப்பர் அதை வாங்கிக்கொண்டது. கண்ணாடி சும்மா இருந்தது. ஒரு துளி உள்ளே வரவில்லை.

திடீரென்று ஜூட் எஞ்சினை நிறுத்தினான்.

"அக்கா, இடப்பக்கம்."

முதலில் மூச்சுத்தான் கேட்டது. பிறகு யன்னலுக்கு நேரே, சுருக்கம் விழுந்த சாம்பல் நிற முதுகு தண்ணீரிலிருந்து எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. அவள் கண்ணாடி பூட்டிய எந்த பஸ்ஸையும்விட நீளம். அது மீண்டும் மூச்சு விட, அந்தப் பனிமூட்டம் காற்றில் வந்து கண்ணாடியில் படிந்தது. பிறகு வால் உயர்ந்து, சத்தமில்லாமல் உள்ளே போனது. அந்த இடத்தில் தண்ணீர் எண்ணெய் தடவினாற்போல் வழுவழுப்பாகக் கிடந்தது.

"போயிட்டுதா?" என்றான் றிஸ்வி, வாயைத் துடைத்தபடி. மயக்கத்தை மறந்திருந்தான்.

"இல்ல. நமக்குக் கீழதான் இருக்குது" என்றான் ஜூட்.

மூவரும் யன்னலோரம் நின்று தண்ணீரையே பார்த்தார்கள். எஞ்சினை இயக்க ஜூட்டுக்கும் மனமில்லை. முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு, தொலைவில் மீண்டும் அந்த மூச்சு எழுந்தது. பஸீஹாதான் முதலில் கண்டாள். அந்தப் பக்கம் கையை நீட்டி மற்ற இருவருக்கும் காட்டினாள்.