கதிர்காமத்துத் திரை

தனுஷ்கோடியில் ரயிலை விட்டிறங்கிக் கப்பலேறினால் இலங்கை என்றிருந்த பொற்காலம் அது. அறுபத்திரண்டில் பழனியிலிருந்து கதிர்காமம் புறப்பட்ட கூட்டத்தில் பண்ணைக்காட்டுக் காப்பித் தோட்டக்காரர் பொன்னுவேலும் இருந்தார். அவர் கட்டிக்கொண்டுபோன புளிச்சோற்றின் பாரத்தில் கப்பலே ஒருபக்கம் சாய்ந்ததாகச் சொல்வார்கள். சொன்னதே அவர்தான்.

மிளகு பறிக்கும் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட மனைவி சுந்தராம்பாளால் வரமுடியவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"பழனியில கோவிச்சுக்கிட்டு ஆண்டியா நிக்கிறவரு, அங்க வள்ளியோட இருக்காருல்ல. மொகத்துல சிரிப்பு இருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

"பல்லையே எண்ணிட்டு வாரேன்டி!"

அனுராதபுரத்து அரசமரத்தையும் கண்டி அரண்மனையையும் அரைக்கண்ணால்தான் பார்த்தார். முழுக்கண்ணையும் கதிர்காமத்துக்கென்று வைத்திருந்தார்.

அங்கே சன்னிதியில் திரை தொங்கியது. அதில் எழுதியிருந்த முருகன் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் அது ஓவியன் வைத்த சிரிப்பு, கணக்கில் சேராது. பழனிக்காரர்களுக்குத் திரை போட்டால் உள்ளே அலங்காரம் நடக்கிறது என்று பொருள்.

"ராஜ அலங்காரம்னா நேரமாகும், உக்காருங்கப்பா" என்றார் கூட வந்த பூக்கடைச் சேனாதிபதி.

உட்கார்ந்தார்கள். மணியடித்தது, பூசை முடிந்தது, கூட்டம் கலைந்தது. பழனிக் கூட்டம் அசையவில்லை. பொன்னுவேலுக்குத் தாடி முழங்கால்வரை வளர்ந்த பிறகு, தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, இங்க திரை தொறக்கிறதே இல்லீங்க. திரைக்குத்தான் பூசை."

"பழனியிலேருந்து வந்திருக்கோம் தாயி!"

"எங்கேருந்து வந்தாலும் அப்படித்தாங்க."

திரும்பும் கப்பலில் பொன்னுவேல் விதவிதமாகச் சிரிப்புகளைத் தயாரித்துப் பார்த்தார். எதைப் பற்றியும் அளக்கக் கூசாத நாக்கு, முருகன் விஷயத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டுப்போட்ட காலோடு சுந்தராம்பாள் நிமிர்ந்தாள்.

"சிரிச்சாரா?"

"பாக்கலடி. திரை போட்டுக் கெடக்கு. தொறக்கவே மாட்டாங்களாம்."

அவர் தலைகுனிந்து நின்றார். அவள் சிரித்த சிரிப்பில் வாசலில் காய்ந்த மிளகெல்லாம் எழும்பிக் குதித்தது.

"ஆசைப்பட்டுக் கட்டிக்கிட்டவரு மறைப்புப் போடாம இருப்பாரா? அத ஊரையே கூட்டிக்கிட்டுப் போயி எட்டிப் பாத்திருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

"அப்ப சிரிச்சாருங்கிறியா?"

"சிரிக்காமலா திரையப் போட்டாரு!"

பொன்னுவேலுக்குப் போன உயிர் வந்தது. அவள் கட்டிலோரம் வாகாக உட்கார்ந்தார்.

"கடல்ல ஒரு அலை வந்துச்சு பாரு, நம்ம பெருமாள்மலை ஒசரம்..."