இருபதுக்கு முன்னால் ஒரு கோடு

மருந்துக் கிடங்கில் கம்ப்யூட்டர் வேலை முழுவதும் அவள் தலையில்தான். லேபிள் அடிக்கும் பிரிண்டர் ஆமையாக நகர்கிறது என்று பேக்கிங் பகுதியில் ஒரே முணுமுணுப்பு. காரணம் அவளுக்குப் பிடிபட்டது. திரையில் தெரியும் எழுத்துரு பிரிண்டருக்குள் இல்லை. ஒவ்வொரு லேபிளையும் படமாக வாங்கி அடித்துக்கொண்டிருந்தது. அந்த எழுத்துரு வரும்போதெல்லாம் பிரிண்டர் தன்னுடைய சொந்த எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும்படி செட்டிங்கை மாற்றினாள். சோதனைக்கு ஒரு இருமல் மருந்து லேபிளை அடித்துப் பார்த்தாள். எழுத்து கொஞ்சம் ஒல்லியாக வந்தது, அவ்வளவுதான். அதன்பிறகு லேபிள்கள் மளமளவென்று விழுந்தன. மேனேஜரே வந்து, "நீ கை வச்சா போதும்மா" என்றார்.

அடுத்த வாரம் அத்தான் மாட்டிக்கொண்டார். அவள் அக்காவின் கணவர். அதே கிடங்கில் குளிர்சாதன வண்டி ஓட்டுபவர். மைனஸ் இருபது டிகிரியில் உறைந்தபடி போகவேண்டிய தடுப்பூசி மருந்தை வெறும் இருபதில் வைத்துக் கொண்டுபோய் இறக்கியிருந்தார். வாங்கியவர்கள் பெட்டிகளை அப்படியே அழித்துவிட்டார்கள். லேபிளும் அதோடு போனது.

"இருபதுன்னுதான் சார் போட்டிருந்துச்சு. மாத்திரைக்கெல்லாம் அப்படித்தானே வைப்போம்," என்றார் அத்தான், மேனேஜர் அறையில்.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டு அந்த லேபிளைத் திரையில் காட்டச் சொன்னார். இருபதுக்கு முன்னால் மைனஸ் கோடு பளிச்சென்று நின்றது.

"சிஸ்டத்துல சரியாத்தான் சார் இருக்கு," என்றாள். கண்ணெதிரே இருப்பதை எப்படி இல்லையென்பது?

அத்தான் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். வண்டிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அக்கா அவள் போனை எடுக்கவில்லை.

மைனஸ் மருந்து எப்போதாவதுதான் வரும். அடுத்த சரக்கு வந்த அன்று, பேக்கிங் பெண்மணி ஒரு லேபிளைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். "என்னம்மா இது, பல்லு விழுந்த மாதிரி நடுவுல இடம் விட்டிருக்கு?"

இருபதுக்கு முன்னால் வெறும் வெள்ளை. பிரிண்டரின் எழுத்துருவில் அந்தக் கோடு இல்லை. இல்லாததை வெற்றிடமாக விட்டிருக்கிறது. அன்று சோதித்த இருமல் மருந்து லேபிளில் கோட்டுக்கு வேலையே இல்லையே.

மேனேஜர் கதவைச் சாத்தினார். "பழையபடி மாத்திடு. அதோட விடு. இது வெளிய போனா உனக்கும் வேலை இருக்காது, எனக்கும் இருக்காது. உங்க அத்தானை வேற எங்கயாச்சும் சேத்துவிடுறேன்."

மாற்றினாள். பிரிண்டர் மறுபடி ஆமையானது. மாலையில் அந்த லேபிளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள்.

"என்ன, இன்னும் எதாச்சும் சரியா இருக்கான்னு பாக்க வந்தியா?" என்றாள் அக்கா, கதவை மறித்தபடி.

உள்ளே அத்தான் சும்மா உட்கார்ந்திருந்தார். மகளைப் பள்ளியில் விடக்கூட அவர் பைக்கைத் தொடுவதில்லையாம். கண்ணில் ஏதோ கோளாறு என்று டாக்டரிடம் போய்விட்டு வந்திருந்தார். லேபிளை வாங்கித் தள்ளிப்பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"அப்ப நான் பாத்தது சரிதானா?"

"சரிதான் அத்தான். பிரிண்டர்ல எழுத்தை மாத்தினது நான். அடிச்சுப் பாக்காமலே உங்களுக்கு எதிரா பேசிட்டேன்."

"வேலை போனதுகூடப் பெருசில்லம்மா. நீ சொன்னப்புறம் அதையே நினைச்சு நினைச்சு, அந்தக் கோடு இருந்துச்சுன்னே எனக்குத் தோண ஆரம்பிச்சிருச்சு."

அக்கா அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இதை முதலாளிகிட்ட சொல்லுவியா?"

"நாளைக்கே சொல்றேன்."

சொன்னாள். மேனேஜரும் அவளும் சேர்ந்தே முதலாளியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். லேபிள் வேலை அவள் கையைவிட்டுப் போனது. மேனேஜர் அவள் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். அத்தானுக்குச் சாவி திரும்பக் கிடைத்தது.

அவர் வந்த முதல் நாள், ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். வண்டிக் கதவை மூடுமுன் அத்தான் சுமை ஏற்றுபவரைக் கூப்பிட்டார். "அண்ணே, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிங்க."

"மைனஸ் இருபது."

அத்தான் தலையாட்டினார். அப்படியும் கதவை மூடாமல், குனிந்து, லேபிளை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.